கிராபிக்ஸ் அட்டை வாங்கும் முன் அளவுநாடா எடுங்கள்

கேள்வி: மகனுக்கு வீட்டில் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறோம். கேம், கொஞ்சம் பிளெண்டர் (முப்பரிமாணக் காட்சிகள் செய்யும் மென்பொருள்). கிராபிக்ஸ் அட்டை ஆர்டிஎக்ஸ் 3060-ஆ, 4060-ஆ? பழைய 450 வாட் பவர் சப்ளை இருக்கிறது, போதுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் மானிட்டரைச் சொல்லுங்கள் அம்மா. சாதாரண 1080பி (ஃபுல் எச்டி) திரை என்றால் கேமுக்கு 4060 போதும். 8 ஜிபி நினைவகம், 115 வாட்தான் இழுக்கும். 3060 இழுப்பது 170 வாட். நம்ம வேலூர் மாவட்டத்து மே மாதத்தில், மூடிய அறையில், அந்த வித்தியாசம் கையில் தெரியும். சத்துவாச்சாரியில் என் மாடி அறையில் மதியம் ரெண்டு மணிக்கு கேபினெட் மேல் அப்பளம் காய வைக்கலாம்.

ஆனால் பையன் பிளெண்டரில் பெரிய காட்சிகள் செய்வான் என்றால் 3060-இன் 12 ஜிபி மாடலைப் பாருங்கள். நினைவகம் நிரம்பிவிட்டால் வேகமான அட்டையும் திணறும். அதே பெயரில் 8 ஜிபி மாடலும் உண்டு. டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பழைய பவர் சப்ளையா? வேண்டாம். இரண்டு அட்டைக்குமே, தயாரிப்பாளரான என்விடியா முழு கம்ப்யூட்டருக்கும் சேர்த்துச் சொல்வது 550 வாட் பவர் சப்ளை. அதில் கஞ்சத்தனம் கூடாது.

அப்புறம், கேபினெட்டை அளந்தீர்களா? நான் அளக்காமல் மூன்று விசிறி அட்டை வாங்கி வந்து, ஹார்ட் டிஸ்க் கூண்டை ரம்பத்தால் அறுத்தேன். வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் அட்டையிலேயே செருகச் சொல்லுங்கள்.