வாசகர் கேள்வி–பதில்: எஷரின் படங்கள்

கேள்வி: பல்லிகளும் பறவைகளும் இடைவெளியே இல்லாமல் கோத்துக்கொள்ளும் படங்களை வரைந்த எஷர் கணிதம் படித்தவரா?

பதில்: இல்லை. 1898-ல் நெதர்லாந்தில் பிறந்த எம்.சி. எஷர், பள்ளி இறுதித் தேர்விலேயே தேறாதவர். ஹார்லெமில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்து, ஆசிரியர் மெஸ்கிட்டாவின் ஊக்கத்தால் அச்சோவியத்துக்கு மாறினார். இத்தாலியில் வாழ்ந்த காலத்தில் பெரும்பாலும் இயற்கைக் காட்சிகளே. 1936-ல் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு இரண்டாம் முறை போய், அங்குள்ள ஓட்டு வேலைப்பாடுகளை மனைவியுடன் உட்கார்ந்து பிரதியெடுத்தார். அதன் பிறகு, நிலவியல் பேராசிரியரான அண்ணன், படிகங்களின் அமைப்பை ஆராயும் படிகவியல் கட்டுரைகள் சிலவற்றைக் காட்டினார். அவற்றில் ஒன்று, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து சமதளத்தை நிரப்பும் சமச்சீர் 17 வகைதான் என்று சொன்ன, கணிதவியலாளர் போல்யாவின் 1924-ம் ஆண்டுக் கட்டுரை. அதன் கணிதம் எஷருக்குப் பிடிபடவில்லை. படங்களை நோட்டில் வரைந்து வரைந்தே விதிகளைக் கண்டுகொண்டார்.

கேள்வி: அப்படி ஒரு படத்தை நானே வரைய முடியுமா? என் உருவங்களுக்கு நடுவே எப்போதும் இடைவெளி விழுகிறது.

பதில்: தாராளமாக முடியும். கெட்டி அட்டையில் 6 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். இடது விளிம்பில் ஒரு வளைவு வரைந்து வெட்டி, அந்தத் துண்டைத் திருப்பாமல், புரட்டாமல், அப்படியே வலப்பக்கம் நகர்த்தி வெளிவிளிம்பில் டேப் போட்டு ஒட்டுங்கள். மேலிருந்து 2 செ.மீ.யில் வெட்டியது அங்கேயும் 2 செ.மீ.யில்தான் உட்கார வேண்டும். மேல் விளிம்புத் துண்டைக் கீழே இதேபோல் ஒட்டுங்கள். இடைவெளி விழுவதற்குப் பெரும்பாலும் துண்டு புரண்டதுதான் காரணம். இல்லையென்றால், அட்டையின் மேல் ஏறி ஒட்டியிருக்கும். ஒரு முறைக்கு 1 மி.மீ. பிசகினால் பத்தாவது உருவத்தில் அது 1 செ.மீ. ஆகிவிடும். அதனால் தாளில் முதலில் 6 செ.மீ. கட்டங்கள் போட்டு, சதுரத்தின் மூலைகளைக் கட்டப் புள்ளிகளில் வைத்தே ஒவ்வொன்றையும் வரையுங்கள்.

‘மீன்தான் வேண்டும்’ என்று முன்பே முடிவு செய்யாதீர்கள். அட்டையை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள், எங்கேயாவது ஒரு அலகோ வாலோ தென்படும். ஒழுங்கு ஐங்கோணத்தில் தொடங்க வேண்டாம். அதன் கோணம் 108°; ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள 360°-ல் மூன்று சேர்ந்தால் 324°, மிச்சம் 36° காலியாகவே கிடக்கும்.

கேள்வி: விளிம்பை நோக்கி மீன்கள் சிறுத்துக்கொண்டே போகும் வட்டப் படம் எப்படி அச்சானது?

பதில்: ‘வட்ட எல்லை 3’, 1959. கணிதவியலாளர் காக்ஸெட்டர் அனுப்பிய கட்டுரையில் இருந்த ஒரு படம்தான் ‘வட்ட எல்லை’ வரிசைக்கு வித்து. நான்கு வண்ணம், ஒரு கருப்பு என ஐந்து மரக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் கால் வட்டம்தான் செதுக்கப்பட்டிருக்கும். 90° வீதம் திருப்பி நான்கு தடவை அழுத்தினால் முழு வட்டம். ஆக ஒரு பிரதிக்கு 20 அழுத்தங்கள். ஒன்று நகர்ந்தாலும் மீன்களின் வண்ணம் கோட்டைத் தாண்டிவிடும். மீன்களின் முதுகில் ஓடும் வெள்ளை வளைவுகள் விளிம்பைச் சுமார் 80°-ல் தொடுகின்றன. எஷர் கண்ணளவில் போட்ட அந்தக் கோடுகள் மிகத் துல்லியமானவை என்று காக்ஸெட்டர் பின்னர் கணக்கிட்டுக் காட்டினார். எங்களுக்கு எஷரிடம் பெரும் வியப்பு இதுதான்.

கேள்வி: ‘அருவி’ படத்தில் தண்ணீர் மேலே ஏறுவது எங்கே?

பதில்: எங்கேயும் இல்லை. 1961-ல் வந்த அந்தப் படத்தில், பென்ரோஸ் முக்கோணம் (தாளில் வரையலாம், நிஜத்தில் செய்ய முடியாத முக்கோணச் சட்டம்) மூன்று கோக்கப்பட்டிருக்கிறது. ஒரு முக்கோணத்தின் ஏதாவது ஒரு மூலையைக் கட்டைவிரலால் மறையுங்கள். மற்ற இரண்டும் மரத்தில் செய்துவிடக்கூடிய சாதாரண மூலைகள்தான்.