குழந்தை கும்பிடுகிறது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். பையனுக்கு ஐந்து மாதம் முடியப் போகிறது. பத்து நாளாக ஒன்றைக் கவனிக்கிறேன். தூங்கி எழுந்ததும் இரண்டு கையும் சட்டென்று மேலே போகிறது, தலை குனிகிறது. ஒரு நொடிதான். சரி, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி வருகிறது. இப்படி ஏழெட்டுத் தடவை. முடிந்ததும் வீறிட்டு அழுகிறான். முன்பெல்லாம் என் முகத்தைப் பார்த்தாலே சிரிப்பான், அந்தச் சிரிப்பும் குறைந்த மாதிரி இருக்கிறது. அவன் அப்பத்தா இது மாந்தம், வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றலாம் என்கிறார்கள். இங்கே காட்டிய டாக்டர் வாயுத் தொல்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அவன் அப்பச்சி, அதாவது என் வீட்டுக்காரர், சிங்கப்பூரில் இருக்கிறார், போனில் சொன்னால் "நீ சும்மா பயப்படாதே" என்கிறார். உங்கள் மகனுக்குக் கைக்குழந்தையில் வலிப்பு வந்ததை முன்பு எழுதியிருந்தீர்கள். நான்தான் இல்லாததைப் பார்க்கிறேனா ஆச்சி?

– ஒரு தாய், காரைக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த இரவே தனியாக இரண்டு வரி எழுதினேன். விடிந்ததும் குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், போகும் முன் அந்தக் கும்பிடலைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நீங்களும் மறுநாளே மதுரைக்குக் கிளம்பிவிட்டீர்கள். அங்கே டாக்டர் வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு அன்றே ஈ.ஈ.ஜி., அதாவது மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை, எடுக்கச் சொன்னார். இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற கைக்குழந்தை வலிப்பு என்று உறுதியாகி ஸ்டீராய்டு மருந்தும் தொடங்கிவிட்டது. மூன்று வாரம் கழித்து, நீங்கள் சரி என்று சொன்ன பிறகு, மற்ற தாய்மாரும் படிக்கட்டும் என்று இதை விரிவாக எழுதுகிறேன்.

அன்றிரவு நான் அவ்வளவு அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1998-ல் தேவகோட்டையில் உறவில் ஒரு கல்யாணம். வளவில் தூளி கட்டி ஆறு மாதப் பிள்ளை ஒன்றைத் தூங்க வைத்திருந்தார்கள். எழுந்ததும் அதன் பாட்டியான ஆயா அதைத் தூக்கி மடியில் உட்கார வைத்தார். உட்கார வைத்த நொடியில் அது தலையைக் குனிந்து இரண்டு கையையும் கூட்டியது. மறுபடியும் குனிந்தது. "பாருங்கடி, என் அப்பு சாமி கும்பிடுறதை" என்றார் ஆயா. பந்தியிலிருந்து கை கழுவி வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று ரசித்தோம். ஒருவர் விபூதி எடுத்து நெற்றியில் வைத்தார். நானும் "இன்னொரு தடவை கும்பிடு ராசா" என்று சொன்னேன். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கு முன் கலகலவென்று இருந்த பிள்ளை எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அதை அன்று நான் கவனிக்கவில்லை.

நாலு மாதம் கழித்துத்தான் அது வலிப்பு என்று தெரிந்தது. இப்போது அவன் வளர்ந்த ஆண்பிள்ளை. பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பான், தானாக எடுத்துச் சாப்பிட மாட்டான். அந்த நாலு மாதம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், யாராலும் சொல்ல முடியாது. இந்த வலிப்புக்கு அடியில் இருக்கும் காரணம்தான் பிள்ளை எப்படி வளரும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆனால் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பதில் டாக்டர்களுக்குள் இரண்டு பேச்சு இல்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தில் "கையும் மேலே போகிறது, தலை குனிகிறது" என்ற இடத்தைப் படித்ததும் என் கை நடுங்கியது.

நீங்கள் இல்லாததைப் பார்க்கவில்லை. இருப்பதைத்தான், அதுவும் மிகச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். தூங்கி எழும்போது வருகிறது, ஒரு நொடியில் முடிகிறது, அடுத்தடுத்து வரிசையாக வருகிறது, முடிந்ததும் அழுகை, சிரிப்புக் குறைவு. டாக்டர் கேட்கும் கேள்வி எல்லாவற்றுக்கும் உங்கள் ஒரே பத்தியில் பதில் இருந்தது. பச்சைப்பிள்ளை திடுக்கிடுவது வேறு. அது சத்தத்துக்கோ அசைவுக்கோ ஒரு தடவை கையை விரித்துவிட்டு அடங்கிவிடும், ஐந்தாறு மாதத்துக்குள் மறைந்தும் போகும். யாரும் தொடாமல், சத்தம் எதுவும் இல்லாமல், சில நொடி இடைவெளியில் கொத்தாக வருவது திடுக்கிடல் இல்லை. வாயுத் தொல்லையும் இப்படி எண்ணிக்கை வைத்து வராது.

இந்த நோய் மருத்துவ உலகத்துக்குத் தெரிய வந்ததும் ஒரு கடிதத்தால்தான். 1841-ல் இங்கிலாந்தில் வெஸ்ட் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழுக்கு எழுதினார். எழுதியது தன் சொந்த மகனைப் பற்றி. நாலு மாதத்தில் பிள்ளையின் தலை லேசாக முன்னால் சாய்வதைப் பார்த்தாராம், முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒவ்வொரு முறையும் பத்து, இருபது தடவை குனிந்தது. இரத்தம் உறிஞ்சும் அட்டையை விட்டுப் பார்த்தார்கள், ஈறைக் கீறிப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கண்ணால் கண்டதை ஒன்று விடாமல் எழுதி, இது என்னவென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டார். நாம் கும்பிடு என்று பார்த்ததை அங்கே சலாம் வலிப்பு என்று சொன்னார்கள். இன்றைக்கும் இதற்கு வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பெயர். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி இதை நிறுத்தும் என்று தெரிய 1958 வரை ஆயிற்று. அந்த அப்பாவுக்குக் கிடைக்காத மருந்து உங்கள் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது. ஏ.சி.டி.எச்., ஸ்டீராய்டு, விகபாட்ரின் என்று இப்போது வழி இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

உங்கள் மாமியார் மேல் கோபப்படாதீர்கள். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் என் வீட்டில் நடந்தது வேறு வலிப்பு. என் மகனுக்குப் பத்து மாதத்தில் கடும் காய்ச்சல். பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் விரிப்பில் படுத்திருந்தவன் கண் மேலே செருகி, பல்லைக் கடித்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தான். உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் அலறினேன். ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் திணித்தார். இன்னொருவர் நாக்கைக் கடித்துவிடுவான் என்று எவர்சில்வர் கரண்டிக் காம்பை வாய்க்குள் விட்டார். மூன்று நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. சாவிதான் நிறுத்தியது என்று வீடே நம்பியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வலிப்பைப் பற்றி ஐந்து நிமிடம்தான் பேசினார். கரண்டி கிழித்த கீழ் ஈறைப் பார்க்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டார்.

காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் எதை வைத்தாலும் அதுதான் நிறுத்தியது என்று தோன்றும். அப்படித்தான் சாவியும், இரும்பும், வெங்காயமும் நம் வீடுகளில் மருந்தாயின. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்கு இது வருகிறது. வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். என் மகனுக்கு மூன்று தடவை வந்தது, நாலு வயதுக்குப் பிறகு வரவில்லை. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. பாராசிட்டமால் கொடுக்கத் தாமதித்ததால் வந்ததோ என்று வருஷக்கணக்கில் நான் மருகினேன். அந்த மருந்து பிள்ளையின் அலுப்பைக் குறைக்கும், வலிப்பை வராமல் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். என் மகனுடையது ஊரையே கூட்டியது, பெரிய தீங்கில்லாமல் போனது. தேவகோட்டைப் பிள்ளையுடையது எல்லாரையும் சிரிக்க வைத்தது, அதுதான் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத நோய். வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் வலிப்பு என்றால் வாயில் நுரை தள்ளி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட வேண்டும். உங்கள் மாமியார் பார்த்ததில் அது இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். பாலும் டாக்டர் கொடுத்த மருந்தும் தவிர வாய்க்குள் எதுவும் போகக் கூடாது. வசம்பு வேண்டாம், சங்கில் ஊற்றும் கழுதைப்பால் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். கற்பூரம் உடம்புக்குள் சேர்ந்தால் அதுவே வலிப்பை வரவழைக்கும், நீலகிரித் தைலமும் அப்படித்தான். பூஜை அறையில் கற்பூர டப்பா கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், பையன் தவழ அதிக நாள் இல்லை. சூடு போடலாம் என்று யாராவது சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். குன்றக்குடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள், விபூதி பூசுங்கள், நானும் வேண்டிக்கொண்டவள்தான். மருந்து நேரம் தவறாமல் இருந்தால் போதும்.

பெரிய வலிப்பு எப்போதாவது வந்தால்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க வேண்டாம், தண்ணீர் புகட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நின்று மறுபடி தொடங்கினால், 108. அந்த நேரத்துக்கென்று மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா, எடைக்கு எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால் நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மூளைக்காய்ச்சல் இல்லை என்று பார்த்தாக வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், தூங்கி எழுந்ததும் வந்ததா, ஒரு கொத்தில் எத்தனை கும்பிடு. இவ்வளவு போதும். மருந்து கேட்கிறதா என்று டாக்டருக்குச் சொல்லும் முதல் சாட்சி அந்த நோட்டுதான். வீடியோ எடுக்கும்போது விளக்கைப் போடுங்கள், முழு உடம்பும் தெரியட்டும். டாக்டருக்கு மட்டும் அனுப்புங்கள், பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு வேண்டாம்.

ஸ்டீராய்டு ஓடுவதால் முகம் உப்பும், பசி கூடும், சிடுசிடுவென்று இருப்பான். உங்கள் பிள்ளைதான், பயப்படாதீர்கள். நோய்த்தொற்றும் சட்டென்று பிடிக்கும். அதனால் இந்த மாதம் எந்தக் கல்யாண வீட்டுக்கும் தூக்கிப் போக வேண்டாம், சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தால் என் பேரைச் சொல்லுங்கள். தடுப்பூசிக்குப் போகுமுன் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள், சிலவற்றைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். கும்பிடு நின்றுவிட்டதே என்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கவும் பயிற்சி கொடுக்கவும் மாவட்டங்களில் அரசு மையங்கள் உண்டு, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள். இப்போதே பதிந்து வைப்பது நல்லது.

இரண்டாவது கடிதத்தில், ராத்திரி முழுக்க மூக்கில் விரல் வைத்து மூச்சைப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு மணி வரை நீங்கள், அப்புறம் அப்பத்தா என்று முறை வையுங்கள். அவன் கும்பிடு பெரும்பாலும் விழிக்கும்போது வருகிறது, விழித்தால் அழுவான், அழுதால் எழுந்துவிடப் போகிறீர்கள். தூங்காத கையால் மருந்து அளந்தால் அளவு தவறும். ஸ்பூனை விட்டுவிட்டுச் சிரிஞ்சில் அளங்கள்.

அப்புறம், இந்த நோய் யார் வழி வந்தது என்று உங்கள் வீட்டில் எழுந்த பேச்சு. பிறக்கும்போது மூச்சுத் திணறியது, பிறந்த முதல் நாட்களில் சர்க்கரை குறைந்தது, மூளையின் அமைப்பு, மரபணு என்று காரணம் பலவாக இருக்கும். நன்றாகத் தேடியும் கிடைக்காமல் போவதும் உண்டு. நீங்கள் மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தது அதில் இல்லை. நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள் பெண் கொடுத்து எடுக்கும் ஊரில் நாளைக்கு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஐந்து மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டாராமே. வலிப்பு உள்ளவர் கல்யாணம் செய்யத் தடையாக இருந்த வாசகத்தை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள். அடுத்த தடவை கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

பிள்ளை எப்படி வளருவான் என்று கேட்டீர்கள். சில பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள், பல பிள்ளைகளுக்கு நடக்கவும் பேசவும் தாமதமாகிறது. உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது, நானும் பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். நேற்று அவன் உங்களைப் பார்த்து ஒரு தடவை சிரித்தான் என்று எழுதியிருந்ததை நான் இரண்டு முறை படித்தேன்.

வியாழக்கிழமை மறு ஈ.ஈ.ஜி. என்றீர்கள். முதல் நாள் தலையை நன்றாக அலசிவிடுங்கள், அன்று எண்ணெய் வைக்காதீர்கள், வைத்தால் ஒட்டுவது நிற்காது. அங்கே போய்த் தூங்க வேண்டும் என்பதால் வழியில் தூங்க விடக் கூடாது என்பார்கள். மேலூர் வரும்போது எந்தப் பிள்ளையும் கண்ணைச் சொக்கும். அப்பத்தாவைக் கூட்டிப் போங்கள். வழி முழுக்க அவனுக்குப் பாட்டுப் பாடவும் பேச்சுக் கொடுக்கவும் அவரை விட்டால் ஆள் கிடையாது.

அன்புடன்,
ஆச்சி