ஒரம்பரை (வீட்டுக்கு வர்ற சொந்தபந்தம்), அண்டை அயல், வீட்டுப் பெரியவங்க: கேள்வி பதில்

சொல்லாம கொள்ளாம ஒரம்பரை வந்துட்டா என்ன கொடுக்கறதுன்னே தெரிய மாட்டேங்குதுங்க. காப்பி வேணுமான்னா "வேண்டாங்க"ன்னு சொல்லிப் போடறாங்க. (அவிநாசி)

முதல் "வேண்டாங்க" நம்ம பக்கத்து மரியாதைங்க, அதை மறுப்பா எடுத்துக்க வேண்டாம். "வேணுமா"ன்னு கேட்காம "காப்பியா, மோருங்களா?"ன்னு கேளுங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி தண்ணி வந்துரணும். செம்புல முக்கால் அளவு இருந்தா போதும். ததும்ப ஊத்தினா அண்ணாந்து குடிக்கறப்ப மேலே சிந்தும்.

சக்கரை எவ்வளவுன்னு தனியா, மெதுவாக் கேளுங்க. சக்கரை நோய் இருக்கறவங்க நாலு பேர் முன்னாடி சொல்லக் கூச்சப்பட்டு, போட்டதைக் குடிச்சிட்டுப் போயிருவாங்க. நாட்டுச் சக்கரை போட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சுக் கொடுக்காதீங்க, அதுவும் ரத்தத்துல சக்கரையை ஏத்தும். "ஒரு வாய் ஒப்புட்டு (போளி) சாப்பிட்டா என்ன ஆயிரும்"னு ரெண்டாவது தடவை வற்புறுத்தறதையும் விட்டுருங்க.

தோட்டத்து வேலைக்கு வர்றவங்களுக்கு எங்க மாமியார் திண்ணை ஓரத்துல தனி டம்ளர் வெச்சிருக்காங்க. எனக்கு மனசு கேக்கல. சண்டை இல்லாம எப்படிங்க மாத்தறது? (பல்லடம்)

கட்டாயம் மாத்தணுங்க. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிச்சிருச்சு. 1955ஆம் வருசத்துச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாவே ஆக்கியிருக்கு. இதை மாமியார்கிட்ட நீங்க சொல்றதை விட உங்க வீட்டுக்காரர் சொல்றது நல்லது. பொழுது சாய்ஞ்ச பிறகு, வேத்தாள் இல்லாத நேரமாப் பார்த்துச் சொல்லட்டும்.

வீட்டுல இருக்கற டம்ளரை எல்லாம் எடுத்து வெச்சிட்டு, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் 12 வாங்குங்க. கழுவிக் கவுத்தினா எது யார் குடிச்சதுன்னு யாராலும் பிரிக்க முடியாது. பழைய தனி டம்ளரைப் பரண்ல போட்டு வெச்சா ஒரு மாசத்துல திரும்ப இறங்கிரும். அதைப் பாத்திரக் கடையில எடைக்குப் போட்டுருங்க.

நிறைய வீட்டுல இது இன்னொரு எடத்துல தான் கெடுது. வேலைக்கு வந்தவங்க முன்னாடியே "இனிமே இந்த வீட்டுல அப்படி எல்லாம் இல்ல"ன்னு அறிவிப்பாங்க. அவங்களுக்கு அது பெரிய சங்கடம். ஒண்ணும் சொல்லாம காப்பியைக் கையில கொடுங்க. உசரத்துல பிடிச்சு ஊத்தறது, தரையில வெச்சுத் தள்ளறது ரெண்டும் கூடாது. பழக்கத்துல அவங்களே டம்ளரைக் கழுவப் போவாங்க. "வெச்சிருங்க, சேர்த்துக் கழுவிக்கலாம்"னு சொன்னாப் போதும்.

குழந்தைகளையும் கவனிங்க. 60 வயசு ஆளைப் பத்து வயசுப் பையன் பேர் சொல்லி "வா, போ"ங்கறது இன்னும் நடக்குது. ஒரம்பரைக்குச் சொல்ற "வாங்க, உக்காருங்க" அவங்களுக்கும் வரணும். நீங்க சொல்றதைக் கேட்டுத்தான் பையன் சொல்லுவான், தனியாப் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

எங்க அப்பாருக்குக் காது மந்தம். சத்தமாப் பேசினா "ஏன் கத்தறே"ன்னு கோவிச்சுக்கறார், மெதுவாப் பேசினா கேக்கல. (கோபி)

அவர் கோவத்துல நியாயம் இருக்குங்க. வயசாகறப்ப மெல்லிசான, கீச்சுன்னு இருக்கற உச்ச சுதி ஒலிகள் தான் முதல்ல கேக்காமப் போகும். அ, ஆ மாதிரி ஒலி கேக்கும். ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் கலங்கிரும். அதனால தான் "சத்தம் கேக்குது, சொல்றது புரியல"ம்பாங்க. கத்தினா கேக்கற ஒலி தான் இன்னும் பெரிசாகும், கலங்கினது தெளியாது. கத்தற முகமும் கோவமாத் தெரியும்.

டிவியை நிறுத்துங்க. சமையக்கட்டுல இருந்து குரல் கொடுக்காம, மூணு நாலு அடி தூரத்துல, வெளிச்சம் உங்க முகத்துல விழற மாதிரி எதுக்க உக்காருங்க. உதடு பார்த்தே பாதி புரிஞ்சுக்குவாங்க. முதல்ல கூப்பிட்டு, அவர் திரும்பின பிறகு விசயத்தைச் சொல்லுங்க. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வேகத்தைக் குறைச்சுக்கங்க. ஒரு தடவை புரியலன்னா அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாதீங்க, வார்த்தையை மாத்துங்க. "மாத்திரை போட்டாச்சா?" புரியலன்னா "மருந்து சாப்பிட்டீங்களா?"ன்னு கேளுங்க. "அது ஒண்ணுமில்ல விடுங்க"ன்னு மட்டும் சொல்லிராதீங்க. கூட்டத்துல அவரை ஒதுக்கி வைக்கறது அந்த ஒரு வார்த்தை தான்.

காது டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. அழுக்கு அடைச்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். எண்ணெய் விட்டுக் குச்சியில குடைஞ்சா அழுக்கு இன்னும் உள்ளே போயிரும்.

பொறந்த குழந்தை வாயில தேன் தொட்டு வைக்கணும்னு எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) நிக்கறாங்க. மனசு நோகாம எப்படிங்க மறுக்கறது? (பொள்ளாச்சி)

ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் தான், தண்ணி கூட வேண்டாம். ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது. தேன்ல இருக்கக்கூடிய சில கிருமி வித்துகள் பச்சைக் குழந்தை குடல்ல முளைச்சு, தசையெல்லாம் தளர்ந்து போற விசத்தை உண்டாக்கும். அடிக்கடி நடக்கறதில்ல, நடந்தா ஆபத்து.

"டாக்டர் வேண்டாம்னுட்டாங்க அம்மாயி"ன்னு சொல்லுங்க, "உங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்லாதீங்க. அம்மாயி கேக்கறது தேனை இல்லீங்க, மூத்தவங்கங்கற இடத்தை. முதல்ல தொட்டில்ல போடற உரிமையை அவங்களுக்குக் கொடுங்க. சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத் தூக்கட்டும். சளி, காய்ச்சல் இருக்கற ஒரம்பரையை "குழந்தைக்கு ஆகாதுங்க, சரியானதும் வாங்க"ன்னு போன்லயே சொல்லிருங்க.

எழவு வீட்டுக்குப் போனா என்ன பேசறதுன்னு தெரியலைங்க. (திருப்பூர்)

பேச வேண்டியதில்ல, பக்கத்துல உக்காந்தாப் போதும். "எப்படி ஆச்சு?"ன்னு ஒவ்வொருத்தரும் கேக்கறதால தான் அந்த வீட்டுக்காரங்க ஒரே கதையை நாள் பூரா சொல்லிக் களைச்சுப் போறாங்க. வெளியில நிக்கற பங்காளிகிட்டக் கேட்டுக்குங்க.

அங்கே அடுப்புப் பத்த வைக்க மாட்டாங்க. குடிதண்ணி கேன், பேப்பர் டம்ளர், பால் கொண்டு போங்க. சின்னக் குழந்தைகளையும் சக்கரைக்கு ஊசி, மாத்திரை எடுத்துக்கறவங்களையும் தேடிப் பார்த்துச் சாப்பிட வைங்க. மருந்து போட்டுட்டுப் பட்டினி கிடந்தா சக்கரை இறங்கி வேர்க்கும், கை நடுங்கும். மூணு டீஸ்பூன் சக்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்க வெச்சு, 15 நிமிசம் கழிச்சுப் பாருங்க. தெளியலன்னா இன்னொரு தடவை கொடுங்க. நினைவு தப்பியிருந்தா வாயில எதையும் ஊத்தாம 108க்குக் கூப்பிடுங்க.

கிளம்பறப்ப "போய்ட்டு வர்றேன்"னு சொல்ற வழக்கமில்ல. சத்தமில்லாம எந்திரிச்சு வந்துருங்க.

வீட்டுக்காரரை இழந்த அத்தைக்குப் பத்திரிகை வைக்கறப்பக் குங்குமத் தட்டை நீட்டலாமுங்களா? (தாராபுரம்)

எல்லாருக்கும் நீட்டற மாதிரியே நீட்டுங்க, எடுக்கறதும் விடறதும் அவங்க விருப்பம். தட்டை அவங்களைத் தாண்டிக் கொண்டு போறது தான் புண்படுத்தும். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமாப் போங்க. தேதி, நேரம், மண்டபம் மூணையும் வாய்விட்டுச் சொல்லுங்க, பொடி எழுத்துப் படிக்கறது அவங்களுக்குச் சிரமமா இருக்கலாம். சீர் தட்டுத் தூக்க வரச் சொல்லி அப்பவே கேட்டுருங்க. மண்டபத்துல வெச்சுக் கேட்டா, நாலு பேர் பார்வைக்குப் பயந்து பின்னாடி போய் நின்னுக்குவாங்க.

மொய்யை ஜிபேல அனுப்பினா மரியாதைக் குறைவுங்களா? (நாமக்கல்)

இல்லீங்க. ஆனா மொய் நோட்டுல ஏறணும். வெறும் போன் பேர் மட்டும் போனா, ஒரே பேர்ல நாலு பேர் இருக்கற ஊர்ல யாருதுன்னு தெரியாது. இனிஷியல், பேர், ஊர், தோட்டத்துப் பேர் சேர்த்து ஒரு செய்தி அனுப்பி, எழுதச் சொல்லுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி உங்க பழைய நோட்டை எடுத்து அவங்க உங்களுக்கு என்ன வெச்சாங்கன்னு பாருங்க, அதுக்குக் குறையாம வைங்க.