நரம்பு பிளாக் (கையையோ காலையோ மட்டும் மரத்துப்போகச் செய்ய நரம்புக்குப் பக்கத்தில் மருந்து ஏற்றுவது) போடும்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே ஊசி தெரிகிறதே, அப்புறம் எதற்கு மருந்தைத் தள்ளும் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானி?

ஸ்கேனில் தெரிவது ஊசி நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான். முனை நரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா, ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதா என்று, அதுவும் நோயாளி கொஞ்சம் பருமனாக இருந்து, ஊசி சாய்வாக ஆழத்தில் போகும்போது, எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் திரையைப் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. நான் மயக்க மருத்துவர். ஸ்கேன், நரம்புத் தூண்டி (லேசான மின்சாரம் கொடுத்து, தசை துடிப்பதை வைத்து நரம்பைக் கண்டுபிடிக்கும் கருவி), அழுத்தமானி மூன்றும் வைத்துத்தான் பிளாக் போடுகிறேன், ஒன்றைக் கைவிடச் சொன்னால் தூண்டியை விடுவேனே தவிர அழுத்தமானியை விடமாட்டேன்.

நரம்புக்குள்ளே இழைகள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. ஒவ்வொரு கட்டையும் பெரிநியூரியம் என்ற கெட்டியான உறை சுற்றியிருக்கும், கட்டுகளுக்கு நடுவில் தளர்வான கொழுப்பும் இணைப்புத் திசுவும். ஊசி முனை அந்த உறைக்குள் போய்விட்டால் மருந்துக்குப் பரவ இடமில்லை, அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நசுங்கும், இழைகளே சேதமாகலாம். 2004-ல் வெளியான ஒரு ஆய்வில் நாய்களின் சயாட்டிக் நரம்புக்குள் (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு) வேண்டுமென்றே ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே 25 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் அழுத்தம் ஏறிய கால்களில்தான் பலவீனம் நிலைத்தது, அழுத்தம் குறைவாக இருந்தவை தேறிவிட்டன.

நாம் கவனிக்க வேண்டியது மருந்து ஓட ஆரம்பிப்பதற்கு முந்தைய அழுத்தம், வரம்பு 15 பிஎஸ்ஐ. அந்தக் கட்டத்தில் திரவம் அசையாமல் நிற்பதால் சிரிஞ்சு, ட்யூப், ஊசி முனை எல்லா இடத்திலும் அழுத்தம் ஒன்றுதான், ஊசி மெல்லியதா தடியா என்பது கணக்கில் வராது. ஓட ஆரம்பித்த பிறகு அது வேறு கதை, வேகமாகத் தள்ளினாலே மீட்டர் ஏறும், அதனால் நிதானமாகத் தள்ள வேண்டும்.

"கையிலேயே தெரியுமே" என்று சீனியர்கள் சொல்வார்கள். தெரியாது. அதே விரல் பலத்துக்குச் சின்ன சிரிஞ்சில் அழுத்தம் பெரிய சிரிஞ்சைவிட எகிறும். பல இடங்களில் மருந்தைத் தள்ளுவதே ஊசி பிடித்தவர் இல்லை, பக்கத்தில் நிற்கும் உதவியாளர். அனுபவசாலிகளை மாதிரிக் கருவியில் தள்ளச் சொல்லிச் சோதித்தபோது, பெரும்பாலோர் தங்களுக்கே தெரியாமல் 20 பிஎஸ்ஐயைத் தாண்டினார்கள்.

மீட்டர் இல்லையா? 20 மில்லி சிரிஞ்சில் 10 மில்லி மருந்து, 10 மில்லி காற்று. காற்று பிஸ்டன் பக்கம் நிற்கும்படி சிரிஞ்சைச் செங்குத்தாக, வாய் கீழே இருக்கப் பிடித்துத் தள்ளுங்கள். காற்று 10-லிருந்து 5 ஆகச் சுருங்கினால் உள்ளே ஏறியிருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 14.7 பிஎஸ்ஐ. பாயில் விதி, அவ்வளவுதான். பாதிக்கு மேல் சுருக்காமலேயே மருந்து போனால் சரி. கடைசியில் காற்று ஊசிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் ஸ்கேன் படமே கெட்டுவிடும்.

15 வந்தும் மருந்து இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். "அடைப்பு போல, கொஞ்சம் அழுத்தினால் திறந்துகொள்ளும்" என்று தள்ளுவதுதான் ஆபத்து. முனையைத் துளி பின்னால் இழுத்துத் திரும்பப் பாருங்கள், ட்யூப் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நரம்புதான் என்று இல்லை, தசையுறையிலோ தசைநாரிலோ முட்டினாலும் ஏறும்.

மறுபக்கம், அழுத்தம் குறைவு என்பதற்காக ஊசி நரம்புக்கு வெளியே இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுகளுக்கு நடுவிலுள்ள தளர்வான இடத்தில் முனை இருந்தால் மீட்டர் சும்மாதான் இருக்கும். அங்கேதான் ஸ்கேன் வேண்டும், நரம்பு உப்புகிறதா என்று பார்க்க. மீட்டர் வந்த பிறகு நிரந்தரச் சேதம் குறைந்தது என்று காட்டும் பெரிய ஆய்வு இல்லை, பத்தாயிரத்தில் இரண்டு முதல் நான்கு பேருக்கு வருவதை நிரூபிக்க எத்தனை பேரைச் சேர்ப்பது?

நோயாளியாகக் கேட்கிறீர்கள் என்றால், மருந்து ஏறும்போது ஷாக் அடித்த மாதிரி வலி ஓடினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், அப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.