கட்டியை ஒளிரச் செய்யும் சாயம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் கோலாலம்பூரில் புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் முதுகலை மாணவியாக இருக்கிறாள். எலிகளுக்குப் பச்சைச் சாயம் ஒன்றை ஊசி வழியே செலுத்தி, அகச்சிவப்பு ஒளியில் கட்டியைப் படம் எடுப்பதாகச் சொல்கிறாள். கண்ணுக்குத் தெரியாத ஒளியால் என்ன பயன்? புற்று இருக்கும் இடம் அந்தச் சாயத்துக்கு எப்படித் தெரிகிறது?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்லைட்டை விரல்களால் மூடிப் பாருங்கள், அம்மா. விரல்கள் செக்கச்செவேலென்று தெரியும். வெள்ளை ஒளியிலுள்ள நீலத்தையும் பச்சையையும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் சதையைக் கடந்து வெளியே வருகிறது. அந்தச் சிவப்பையும் தாண்டி, ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள அண்மை அகச்சிவப்பு ஒளியை ஹீமோகுளோபினும் உடலிலுள்ள நீரும் குறைவாகவே உறிஞ்சுகின்றன. திசுக்கள் தாமாகவே மங்கலாக ஒளிர்வதும் அங்கே குறைவு என்பதால், சாயத்தின் ஒளி இருட்டறையில் ஏற்றிய அகல்விளக்கைப் போல, நம் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும் கேமராவுக்குத் தெளிவாகத் தெரியும்.

உங்கள் மகள் சொல்லும் பச்சைச் சாயம் இண்டோசயனின் கிரீனாக இருக்கலாம். 1950களில் கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான இச்சாயத்துக்கு அமெரிக்க மருந்து ஆணையம் 1959இல் ஒப்புதல் அளித்தது. 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை வாங்கிக்கொண்டு, சற்றே நீண்ட அலைநீளத்தில் அதைத் திருப்பித் தருகிறது. முன்னதைத் தடுத்துப் பின்னதை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி கேமராவில் இருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இத்துறையின் உயிர்நாடி. உண்மையில் சாயத்துக்குப் புற்றைத் தெரியாது. கட்டியில் அவசரமாக முளைத்த இரத்தக் குழாய்கள் ஓட்டையும் உடைசலுமாக இருப்பதால், வெறும் சாயம் அங்கே கசிந்து தேங்கலாம்; ஆனால் வீக்கம் கண்ட எந்த இடத்திலும் அப்படித் தேங்கலாம். ஆகவேதான் ஆய்வாளர்கள் சாயத்தை வழிகாட்டி மூலக்கூறு ஒன்றோடு பிணைக்கிறார்கள். சூலகப் புற்றின் செல்கள் பலவற்றில் ஃபோலேட் என்னும் வைட்டமினைப் பற்றும் ஏற்பிகள் மிகுதி என்பதால், ஃபோலேட்டை ஒத்த மூலக்கூறோடு அகச்சிவப்புச் சாயத்தை இணைத்து பாஃபோலாசயனின் என்ற மருந்தை உருவாக்கினார்கள்; சூலகப் புற்று அறுவைக்கு அது 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2024இல் ஒப்புதல் பெற்ற பெகுலிசயனின், கட்டியைச் சுற்றியுள்ள நொதிகள் வெட்டிவிட்ட பிறகே ஒளிர்கிறது. மார்பகக் கட்டியை எடுத்த குழியில் மிச்சம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அது உதவுகிறது. இந்த இரண்டாவது உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. சேரும் இடம் வரை வாய் திறவாத தூதுவன் அது.

எனினும் ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல. எலித் தீவனத்தில் கலந்திருக்கும் குதிரைமசால் தழையின் பச்சையமே 700 நானோமீட்டர் அருகில் ஒளிர்ந்து, எலியின் வயிற்றைப் பொய்யாக மின்னச் செய்யும். அதனால் படம் எடுப்பதற்குச் சில நாள் முன்பே தீவனத்தை மாற்றுவார்கள். உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், அவர் இதைப் பற்றி நிறையச் சொல்லக்கூடும்.

கேள்வி: என் அண்ணிக்கு மார்பகக் கட்டி இருக்குமோ என்று அஞ்சுகிறோம். ஸ்கேனுக்குப் பதிலாக இந்தச் சாயத்தால் சோதிக்கலாமா? அவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது.
– வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம், ஐயா. இந்த ஒளி சதைக்குள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் பயன்படும். அறுவையின்போது மருத்துவருக்கு வழிகாட்டவே அது ஏற்றது. கட்டி உண்டா என்று அறிய மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் தேவை. புற்றுதானா என்று உறுதிசெய்யத் திசுப் பரிசோதனை தேவை. தயவுசெய்து இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னர் அறுவை தேவைப்பட்டால், புற்று முதலில் பரவக்கூடிய அக்குள் நிணநீர் முடிச்சைக் கண்டறிய இண்டோசயனின் கிரீனைப் பயன்படுத்தக்கூடும். அம்மருந்தின் பல தயாரிப்புகளில் சிறிதளவு அயோடைடு, அதாவது அயோடின் கலந்த உப்பு, உண்டு. இறால் ஒவ்வாமை என்பது இறாலின் புரதத்தால் வருவதே அன்றி அயோடினால் வருவதன்று. ஆயினும் இறாலைப் பற்றியும், முன்பு எந்த மருந்தாவது ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதைப் பற்றியும், அறுவைக்கு முன்பே மயக்க மருந்து நிபுணரிடம் அண்ணி சொல்லிவிட வேண்டும்.