சொட்டும் ஊசியும்

கேள்வி: ஒன்றரை மாதப் பேத்திக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்த கையோடு, அதே நோய்க்கு ஊசியும் போட்டார்கள். எதற்கு இரண்டு? – ஒரு வாசகி, தேனி

டாக்டர் பதில்: நான் படித்த காலத்தில் அரசு மையங்களில் சொட்டு மட்டும்தான் அம்மா. அதில் இருப்பது உயிருள்ள, ஆனால் வீரியம் குறைத்த வைரஸ். குடலில் பெருகி, அங்கேயே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். போலியோ நுழைவதும் பரவுவதும் அந்த வழியாகத்தானே! மிக மிக அரிதாக அந்த வைரஸே வாதத்தை உண்டாக்கலாம். ஊசியில் இருப்பது செத்த வைரஸ். அந்தப் பயமே கிடையாது. ரத்தத்தில் எதிர்ப்பொருளை உருவாக்கி நரம்பைக் காக்கும், ஆனால் குடலில் பரவலை அவ்வளவாகத் தடுக்காது. இன்னொன்று: 2016இல் சொட்டிலிருந்து 2ஆம் வகை வைரஸை எடுத்துவிட்டார்கள். அதற்கு ஊசிதான் காவல். அடுத்த ஊசி 14ஆம் வாரம், அப்புறம் 9ஆம் மாதம். அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.