வயிற்றிலிருந்து ஏறும் பயம்

அம்பாசமுத்திரம் தம்பிக்கு,

தங்கச்சிக்குத் திடீரென அடிவயிற்றிலிருந்து பயம் ஏறுகிறது, வெறித்துப் பார்த்தபடி வாயைச் சப்புக்கொட்டுகிறாள், துப்பட்டா முனையைத் திருகுகிறாள், இரண்டு நிமிடம் கழித்து எதுவும் ஞாபகமில்லை, ஆச்சி சுடலை கோயிலுக்குப் போகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அண்ணனுக்கும் அச்சு அசல் இதேதான். இரண்டு வருஷம் கேஸ் மாத்திரை தின்றான், பாவம்!

இது டெம்போரல் லோப் (மூளையின் பக்கவாட்டுப் பகுதி) வலிப்பாக இருக்கலாம். காதுக்கு உள்பக்கம், மூளையின் ஆழத்தில் பயத்துக்கான அமிக்டலாவும் ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸும் ஒட்டினாற்போல இருக்கின்றன. அங்கே மின்கிளர்ச்சி கிளம்பினால், மடை திறந்த தண்ணீர் பழகிய வாய்க்காலில் ஓடுவது மாதிரி, இவற்றுக்கு இடையிலான இணைப்புகள் வழியாகத்தான் பரவும். முதலில் வரும் பயமே வலிப்பின் தொடக்கம். அந்த மின்கிளர்ச்சி மறுபக்க மூளைக்கும் பரவும்போது பெரும்பாலும் சுயநினைவு மங்கும். ஹிப்போகேம்பஸே சிக்கிக்கொள்வதால் அந்த நேரம் மனதில் பதிவதில்லை. அவள் நடிக்கவில்லை.

கோயிலுக்குப் போங்கள், ஆச்சி மனசு ஆறட்டும். ஆனால் நரம்பியல் மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனை ஒருமுறை நார்மல் என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கேட்பார்கள். மாத்திரைக்கு அடங்காவிட்டால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனையில் அறுவை சிகிச்சை வரை வழி உண்டு.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டாம். அஞ்சு நிமிடம் தாண்டினால் 108. அப்புறம், பாபநாசம் படித்துறையில் அவளைத் தனியாகக் குளிக்க விடாதீர்கள்.